கழற்றக் கூடாத பூட்ஸ்

ஜனவரி 24, சனி

பள்ளியில் விளையாட்டு விழா. ஆசிரியர்களுக்கான ஓட்டப் பந்தயத்தில் மாமாவுக்கு, அக்காவின் கணவருக்கு, காலில் அடி.

நான் பரிசு மேசையில் கோப்பைகளுக்குக் காவல் இருந்தேன். அதனால் நேராகவே பார்த்தேன். விசில் ஊதியதும் மாமா எல்லோரையும் முந்திக்கொண்டு கிளம்பினார். பி.டி. மாஸ்டர் அல்லவா, அவர்தான் ஜெயிக்க வேண்டும். நாலைந்து எட்டு போயிருப்பார். காலி ஃப்ரூட்டி டப்பாவைப் பிள்ளைகள் மிதித்து வெடிப்பார்களே, அந்த மாதிரி ஒரு சத்தம். மாமா நின்றார். திரும்பினார். பின்னால் ஓடி வந்துகொண்டிருந்த ஓவிய ஆசிரியர் தேவராஜ் சாரைக் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். அதற்குப் பிறகுதான் கீழே விழுந்தார்.

“பின்னாடி இருந்து உதைச்சிட்டான்! இவன் உதைச்சிட்டான்!” என்று மைதானம் முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

தேவராஜ் சார் அவரிடமிருந்து நல்ல தூரத்தில் ஓடி வந்துகொண்டிருந்தார். அறைவதற்கு மாமாதான் இரண்டு எட்டு பின்னால் போக வேண்டியிருந்தது. அந்த இரண்டு எட்டை எந்தக் காலால் வைத்தார் என்று இப்போதும் யோசிக்கிறேன்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். கால் எப்படி இருக்கிறது என்று அவள் முதலில் கேட்கவில்லை. “தேவராஜ் சார் திருப்பி அடிக்கலையா?” என்றாள்.

“இல்ல. கண்ணாடியைத் தேடிட்டிருந்தாரு.”

“ஓ,” என்றாள் அக்கா. பிறகு சுடுதண்ணீர் வைக்கப் போனாள்.

ஜனவரி 25, ஞாயிறு

வீடே ஒற்றைக்காலில் நிற்கிறது. மாமா கட்டிலில் இருந்தபடி, “பிரபா! பிரபா!” என்று அக்காவைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். தலையணை வை, தலையணையை எடு. ஃபேனைக் கூட்டு, ஃபேனைக் குறை. மாமாவின் அம்மா பாவாயி அத்தை நல்லெண்ணெயும் கல்லுப்பும் வைத்து ஒத்தடம் கொடுத்தார். குதிகாலுக்கு மேலே பள்ளம் விழுந்திருக்கிறது. “நரம்பு பிசகியிருக்கு, நாலு நாள்ல சரியாயிரும்,” என்கிறார் அத்தை.

அது நரம்பு இல்லை. கெண்டைக்கால் சதையைக் குதிகால் எலும்போடு கட்டி வைத்திருக்கும் தசைநாண். முதல் வருடம் விலங்கியல் வகுப்பில் தவளையின் காலில் அதைத் தனியாக எடுத்துக் காட்டி மதிப்பெண் வாங்கினேன். ஆனால் சொல்லவில்லை. மாமாவிடம் நான் நேராகப் பேசுவதில்லை. அக்காவுக்குக் கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். மாமன் முறை ஆள் முன்னால் வாய் பேசக் கூடாது என்று அம்மா சொல்லித்தான் இந்த வீட்டுக்கு அனுப்பினாள். காபி வேண்டுமா என்பதைக்கூட அக்கா வழியாகத்தான் கேட்பேன்.

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். பள்ளி அலுவலகத்தில் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தது மாமா. யார் வந்தாலும் இந்த இரண்டையும் சேர்த்தே சொல்வார். “பட்டதாரி. நம்மதான் ஆபீசுல சேர்த்து விட்டோம். இல்லன்னா அப்பனோட தறிக்குத்தான் நூல் சுத்திட்டிருக்கும்.”

அக்கா இன்று முழுக்கை வைத்த ஜாக்கெட் போட்டிருந்தாள். ராசிபுரத்தில் பகலில் அப்படிக் குளிர் ஒன்றும் இல்லை.

ஜனவரி 27, செவ்வாய்

சேலத்தில் எலும்பு மருத்துவர். டாக்டர் குரியன், மலையாளி. பேச்சு பெரும்பாலும் இங்கிலீஷ், நடுநடுவே தமிழ் மாதிரி ஏதோ ஒன்று.

மாமாவைக் குப்புறப் படுக்க வைத்தார். நல்ல காலின் கெண்டைச் சதையைப் பிடித்து அழுத்தினார். பாதம் தானாகக் கீழே அசைந்தது. அடிபட்ட காலில் அதே இடத்தை அழுத்தினார். பாதம் அசையவே இல்லை. “முழுசா அறுந்துவிட்டது,” என்றார்.

“உதைச்சிட்டாங்க டாக்டர்.”

“யாரும் உதைக்கவில்லை. இது அறுந்தவர்கள் எல்லோரும் பின்னால் யாரோ உதைத்தார்கள் என்றுதான் சொல்வார்கள். நீங்களே ஓடி நீங்களே அறுத்துக்கொண்டீர்கள்.”

மாமாவின் முகம் சுவர்ப் பக்கம் இருந்தது. காது மட்டும் தெரிந்தது. சிவந்து போயிற்று.

இரண்டு வழி இருக்கிறது என்று டாக்டர் இங்கிலீஷில் விளக்கினார். ஒன்று, திறந்து தைப்பது. மறுபடி அறுந்துபோகும் வாய்ப்பு கொஞ்சம் குறைவு. ஆனால் அந்த இடத்தில் தோல் மெல்லியது, புண் ஆறாமல் சீழ் வைக்கலாம். மாமாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, சிகரெட்டும் இருக்கிறது. இன்னொன்று, வெட்டாமலே ஆற வைப்பது. பாதத்தைக் கீழ்நோக்கி வளைத்து முதலில் மாவுக்கட்டு, பிறகு உயரக் குதிகால் வைத்த பூட்ஸ். அறுந்த இரண்டு நுனியும் நெருங்கி நின்றால் உடம்பே நடுவில் புதிதாக நெய்துகொள்ளும். சொன்னபடி இருந்தால் இரண்டு வழிக்கும் முடிவில் பெரிய வித்தியாசம் இல்லை. “ஆனால் சொன்னபடி இருக்க வேண்டும்,” என்று மறுபடியும் சொன்னார்.

மாமா ஒவ்வொரு வாக்கியத்துக்கும், “யெஸ் டாக்டர்,” என்றார். வெளியே வந்ததும் அக்காவிடம், “உன் தங்கச்சிய என்னன்னு சொல்லச் சொல்லு,” என்றார்.

நான் அக்காவைப் பார்த்துச் சொன்னேன். அக்கா அவரைப் பார்த்துச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார், ஒரு முழ தூரத்தில்.

“வெட்டித் தைச்சாத்தான் அது வைத்தியம். எங்கூட கபடி ஆடின செங்கோடன் ஆபரேஷன் பண்ணிட்டு ஆறே மாசத்துல எறங்கி ஆடினான்,” என்றார் மாமா. பிறகு சீழ் என்ற சொல் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். “சரி, கட்டே போட்டுக்கலாம். பட்டதாரி சொல்லுதில்ல. ஏதாச்சும் ஆச்சுன்னா அதையே கேட்டுக்கலாம்,” என்றார்.

நான் எதையும் தேர்ந்தெடுக்கச் சொல்லவில்லை. டாக்டர் சொன்னதைத்தான் சொன்னேன்.

ஜனவரி 31, சனி

தேவராஜ் சார் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்தார். தாளாளர் அம்மா போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னாராம். அறை வாங்கியவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார், அறைந்தவர் கட்டிலில் சாய்ந்திருந்தார்.

“சொல்லு தேவராஜ். மனசாட்சியத் தொட்டுச் சொல்லு. நீ உதைக்கல?”

“சார், நான் உங்களுக்கு ரொம்பப் பின்னால வந்தேன் சார்.”

“கால் நீளம்யா உனக்கு.”

பாவாயி அத்தை சிரித்தார். தேவராஜ் சாரும் சிரிக்க வேண்டியிருந்தது. அக்கா காபி கொண்டு வந்து கொடுத்தாள். “எடுத்துக்குங்க சார். சர்க்கரை போதுமா?” என்றாள். அவர் நிமிர்ந்து அவள் கையைப் பார்த்தார். பார்வையைச் சட்டென்று காபிக்கு மாற்றிக்கொண்டார். அவர் ஓவியம் சொல்லித்தருபவர். மஞ்சளும் பச்சையும் கலந்தால் எத்தனை நாள் பழைய காயம் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

பிப்ரவரி 3, செவ்வாய்

மாமாவால் எழுந்து வர முடியாது. வாய் மட்டும்தான். கையெட்டும் தூரத்துக்குள் போகாமல் தட்டை வைக்க அக்கா பழகிவிட்டாள். ஸ்டூலை நகர்த்தி அதன்மேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றுகொள்கிறாள்.

துணி காயப்போடும்போது, “ரெண்டு வருசத்துல இப்பத்தான்டி ராத்திரி படுத்தா கண்ணு மூடுது,” என்றாள்.

“கட்டுப் பிரிச்ச பிறகு?”

அவள் ஒரு துண்டை உதறினாள். 

அம்மாவிடம் சொல்லிவிடலாமா என்றேன். “சொன்னா என் மேல சத்தியம்,” என்றாள். போன வருடம் தீபாவளிக்கு அவளே ஒருமுறை சொல்லிப் பார்த்தாளாம். “பொறுத்துப் போடி, அவர் கோவக்காரர், குணம் தங்கம்,” என்று அம்மா பேச்சை முடித்துவிட்டாளாம். அப்பாவுக்குத் தெரியவே தெரியாது.

பிப்ரவரி 10, செவ்வாய்

மாவுக்கட்டைப் பிரித்துப் பூட்ஸ் போட்டார்கள். முழங்காலுக்குக் கீழே வரைக்கும் கறுப்பாக, பட்டை பட்டையாக. உள்ளே குதிகாலுக்கு அடியில் மூன்று கட்டைகள் அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றாக டாக்டரே எடுப்பாராம். “ஆப்பு வைக்கிறதுக்குன்னே படிச்சிருக்கான் பாரு,” என்று மாமா முனகினார். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

பூட்ஸை ராத்திரி பகல் எப்போதும் கழற்றக் கூடாது. தூங்கும்போதும் கழற்றக் கூடாது. குளிக்கும்போது மேலே பிளாஸ்டிக் பை கட்டிக்கொள்ள வேண்டும். வெறுங்காலைத் தரையில் சமமாக ஊன்றவே கூடாது. இதையெல்லாம் டாக்டர் விரலை ஆட்டி ஆட்டி இங்கிலீஷில் சொன்னார். மாமா, “யெஸ் டாக்டர், யெஸ் டாக்டர்,” என்றார். டாக்டர் என் பக்கம் திரும்பி, “நான் சொன்னதை நீங்கள் ஒருமுறை சொல்லுங்கள்,” என்றார். நான் இங்கிலீஷிலேயே திருப்பிச் சொன்னேன். எதுவும் விட்டுப்போகவில்லை. “மிகச் சரி. வீட்டுக்கு இப்படி ஒருவர் இருந்தால் போதும்,” என்றார். என் வாழ்க்கையில் இங்கிலீஷில் பேசி நான் வாங்கிய முதல் பாராட்டு.

மாமா செங்கோடனோடு போன் பேசிக்கொண்டே காருக்குப் போய்விட்டார். மருந்துக்கடை வரிசையில் நின்றபோது அக்காவுக்குத் தமிழில் விளக்கினேன். இரண்டு விரலை நுனியோடு நுனி சேர்த்துக் காட்டினேன். பாதம் கீழ்நோக்கி இருந்தால் இப்படி. சமமாக ஊன்றினால் இப்படி விலகும். விலகினபடி ஆறினால் கால் இருக்கும், ஆனால் உந்தி எழ வலு இருக்காது. இல்லையென்றால் மறுபடி அறுந்துபோகும்.

“கழட்டினா என்ன ஆகும்?” என்றாள் அக்கா.

சொன்னேன்.

மாத்திரைப் பையை வாங்கிக்கொண்டு, “வீட்டுக்குள்ள மட்டும் கழட்டினா?” என்றாள்.

“எங்க கழட்டினாலும் அதேதான்க்கா.”

“அவருகிட்டயும் அத்தைகிட்டயும் நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். நான் சொல்லிக்கறேன்,” என்றாள். எனக்கும் அதுதான் வசதி.

வீட்டு வாசலில் கார் நின்றது. மாரியம்மன் பண்டிகைக்கு நேற்றுத்தான் காப்புக் கட்டியிருக்கிறார்கள். நிலைப்படியில் புது வேப்பிலை. பாவாயி அத்தை குறுக்கே நின்றார்.

“என்னடா இது, இம்மாஞ்செருப்பு! கழட்டு, கழட்டு. காப்புக் கட்டுன ஊட்டுக்குள்ள செருப்புக் காலோட வந்தா ஆத்தா சும்மா உடுவாளா?”

“டாக்டர் போட்டதும்மா.”

“டாக்டர் ஆஸ்பத்திரியில போட்டுக்கட்டும். வெளிய போறப்பப் போட்டுக்க. ஊட்டுக்குள்ள எதுக்கு? பிரபா, கழட்டி அந்தப் படியோரம் வை.”

அக்கா என்னைப் பார்க்கவில்லை. “சரிங்க அத்தை,” என்றாள். குனிந்து பட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். ரொம்பப் பக்குவமாகக் கழற்றி, மற்றச் செருப்புகளோடு வரிசையாக வைத்தாள்.

மாமா வெறும் பாதத்தைத் தரையில் பதித்து உள்ளே போனார். “அப்பாடா,” என்றார்.

பிப்ரவரி 11, புதன்

அக்கா மறந்திருப்பாள். வரிசையில் ஒரே கூட்டம், நானும் மெதுவாகத்தான் சொன்னேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

மாமா ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு வீடு முழுக்க நடக்கிறார். தெருவுக்குப் போகும்போது அக்கா ஓடிப்போய்ப் பூட்ஸை மாட்டி விடுகிறாள். திரும்பி வரும்போது வாசலிலேயே உட்கார வைத்துக் கழற்றி விடுகிறாள். அத்தை சொல்வதற்கு முன்னாலேயே செய்துவிடுகிறாள். எதிர்வீட்டு அம்மாவிடம் அத்தை, “இந்தச் சுத்தபத்தத்துல மட்டும் என் மருமவளை ஒண்ணுஞ் சொல்ல முடியாது,” என்று சொல்லிக்கொண்டிருந்தார். கல்யாணமான பிறகு அத்தை அக்காவைப் புகழ்ந்து இப்போதுதான் கேட்கிறேன்.

மத்தியானம் மாமா டி.வி. முன்னால் நின்றுகொண்டிருந்தார். இரண்டு குதிகாலும் தரையில். எனக்குப் பொறுக்கவில்லை.  வாயைத் திறந்துவிட்டேன்.

“மாமா... அந்தப் பூட்ஸ்...”

வீடே திரும்பிப் பார்த்தது. நான் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது.

“என்ன பட்டதாரி? பூட்ஸுக்கு என்ன?”

அத்தை, “வயசுப் பொண்ணு மாமங்கிட்ட நேருக்கு நேரா பேசறத பாரு,” என்றார். “படிச்ச திமிரு.”

அக்கா சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றாள். என்னைப் பார்த்தாள். கெஞ்சவும் இல்லை, மிரட்டவும் இல்லை. நான் என்ன செய்கிறேன் என்று பார்த்தாள், அவ்வளவுதான்.

“தூசியா இருக்கு. தொடைச்சு வைக்கட்டுமான்னு கேட்டேன்,” என்றேன்.

“தொடை. அதுக்குத்தானே பி.எஸ்சி,” என்றார் மாமா. அவரும் அத்தையும் சிரித்தார்கள்.

போய்த் துடைத்தேன். உள்ளே மூன்று கட்டைகளும் புத்தம் புதிதாக இருந்தன.

பிப்ரவரி 16, திங்கள்

காலையில் அக்கா எனக்குத் தலை பின்னிவிட்டாள். பள்ளியில் படிக்கும்போது பின்னிவிட்டது, அதற்குப் பிறகு இன்றுதான்.  நான் ஒன்றும் கேட்கவில்லை.

பிப்ரவரி 22, ஞாயிறு

டாக்டர் ஒரு கட்டையை எடுக்க வரச் சொல்லியிருந்தார். பண்டிகை முடியாமல் ஊர் எல்லை தாண்டக் கூடாது என்று அத்தை தடுத்துவிட்டார். மாமாவுக்கும் போக விருப்பமில்லை. “நடக்கிறேன்ல? அப்புறம் எதுக்கு அவனுக்கு அழுவணும்?”

நடக்கிறார். ஆனால் மாடிப்படி ஏறும்போது அந்தக் கால் பின்தங்குகிறது. நுனிக்காலில் நிற்க முடியவில்லை. அலமாரிக்கு மேலே இருந்த சிகரெட் பெட்டியை எட்டி எடுக்கப் பார்த்தார். முடியவில்லை. அக்காவைக் கூப்பிட்டு எடுத்துத் தரச் சொன்னார். எடுத்துக் கொடுக்க அவள் பக்கத்தில் போக வேண்டியிருந்தது. தோசைக்கு உப்பு இல்லாததற்கு உண்டானதை அப்போது வாங்கிக்கொண்டாள்.

ஸ்டூல் மறுபடியும் தின்பண்டம் வைக்கும் ஸ்டூலாகிவிட்டது. அவர் இப்போது எல்லா இடத்துக்கும் வந்துவிடுகிறார்.

மார்ச் 1, ஞாயிறு

இன்று அக்காவிடம் கேட்டேவிட்டேன். பேச்சு வாக்கில் கேட்பது போல. “அன்னைக்கு நான் சொன்னதை மாமாகிட்டச் சொன்னியா?”

அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். “அத்தை கழட்டச் சொன்னாங்க. கழட்டினேன். இந்த வீட்டுல நான் சொல்பேச்சுக் கேக்கறதில்லன்னு எத்தனை நாள் வாங்கியிருக்கேன் தெரியுமா? இப்ப கேக்கறேன்.”

வெங்காயத்தினால் கண்ணில் தண்ணீர். துடைத்துக்கொள்ளவில்லை.

இதைப் பற்றி இதற்கு மேல் எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன்.

மார்ச் 5, வியாழன்

சாயங்காலம் அக்கா கோயிலிலிருந்து வரத் தாமதமாகிவிட்டது. வழியில் தேவராஜ் சாரைப் பார்த்து இரண்டு வார்த்தை பேசினாளாம். அதை யாரோ வந்து சொல்லிவிட்டார்கள். மாமா கூடத்தின் அந்தக் கோடியில் நாற்காலியில் இருந்தார். அக்கா விபூதித் தட்டோடு உள்ளே வந்தாள்.

“அவன்கிட்ட என்னடி பேச்சு?”

கேட்டுக்கொண்டே நாற்காலியிலிருந்து பாய்ந்தார். ஊன்றுகோலை எடுக்கவில்லை. கை ஓங்கியிருந்தது. அந்தக் காலை ஊன்றி எம்பப் பார்த்தார், முடியவில்லை. முழு உடம்போடு முகம் அடிபட விழுந்தார். அக்கா நின்ற இடத்துக்கும் அவர் விரலுக்கும் நடுவில் ஒரு சாண் இருந்திருக்கும்.

அக்கா பின்வாங்கவில்லை. விபூதித் தட்டு கையில் ஆடாமல் இருந்தது. கீழே கிடந்தவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, “அத்தை, அவரு விழுந்துட்டாருங்க,” என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தாள்.

மார்ச் 6, வெள்ளி

மறுபடி டாக்டர் குரியன். இந்த முறை பாவாயி அத்தையும் வந்தார். ஸ்கேன் எடுத்தார்கள். ஆறிக்கொண்டிருந்தது இழுபட்டு நீண்டு, இப்போது மறுபடி அறுந்துவிட்டது. நுனிகளுக்கு நடுவில் நிறைய இடைவெளி. இனிமேல் திறந்துதான் ஆக வேண்டும், வேறு இடத்திலிருந்து நாண் எடுத்து ஒட்டுப்போட வேண்டும், முதலிலேயே தைத்திருந்தால் இருந்ததைவிடச் சிக்கல் என்றார்.

“பூட்ஸ் எப்போதும் காலிலேயே இருந்ததா?”

“யெஸ் டாக்டர்,” என்றார் மாமா.

அத்தைக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனால் பூட்ஸ் என்ற சொல் தெரியும். “வெளிய போனாத் தவறாமப் போடுவானுங்க. ஊட்டுக்குள்ள எப்படிங்க போடறது? வாசல்லயே கழட்டிருவோம். மருமவ ஒரு நாள் தப்பவிடல,” என்றார் பெருமையாக.

டாக்டர் பேனாவை மேசை மேல் வைத்தார். தனக்குத் தெரிந்த தமிழில் மாமாவைப் பார்த்துச் சொன்னார். “ஞான் பறஞ்சு... நான் சொன்னேன் இல்லே? உங்க மொகத்த பாத்து சொன்னேன். நீங்க யெஸ் சொன்னது.”

மாமாவின் காது மறுபடியும் சிவந்தது. ‘எனக்கு இங்கிலீஷ் புரியவில்லை டாக்டர்’ என்று அந்த வாயால் எப்படிச் சொல்ல முடியும்? கண் அறையெல்லாம் சுற்றி வந்தது. அக்காவிடம் வந்து நின்றது.

“உங்கிட்டச் சொல்லி விட்டாளாடி இவ? தெரிஞ்சுதான் கழட்டினியா?”

அக்கா தரையைப் பார்த்தாள்.  அவளிடம் பொய் தயாராக இல்லை. இவ்வளவு தூரம் வந்தவள் அதை மட்டும் யோசித்து வைக்கவில்லை.

நான் டாக்டரைப் பார்த்தேன்.

“நான் யார்கிட்டயும் சொல்லல சார். நீங்க வேகமா பேசினீங்க. எனக்கு இங்கிலீஷ் அவ்வளவு வராது. புரிஞ்ச மாதிரி தலையாட்டிட்டேன்.”

டாக்டர் என்னையே பார்த்தார். போன மாதம் அதே நாற்காலிப் பக்கத்தில் நின்று ஒரு வரி விடாமல் அவரிடம் ஒப்பித்தவள் நான். அவர் வாயைத் திறந்தார். பிறகு அக்காவைப் பார்த்தார், முழுக்கை ஜாக்கெட்டைப் பார்த்தார். “ஓகே,” என்றார். “திங்கட்கிழமை ஆபரேஷன்.”

கார் வரும் வரைக்கும் மாமா பேசிக்கொண்டே இருந்தார். “தறிக்காரன் பொண்ணுக்கு டிகிரி ஒண்ணுதான் கொறச்சல். என் காலையே முடிச்சிட்டாளே.” அத்தை, “அன்னைக்கே சொன்னேன், பொட்டப் புள்ளைக்கு எதுக்குப் படிப்புன்னு,” என்றார். என்னைப் பற்றித்தான் பேசினார்கள். அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை.

மூன்று வருடம் இரண்டு பஸ் மாறிப் போய்ப் படித்த படிப்பு. அவர்கள் சொல்லச் சொல்ல எரிந்தது. ஆனால் அவர்கள் நிறுத்திவிடக் கூடாதே என்றும் இருந்தது.

மார்ச் 7, சனி

மாமா தாளாளர் அம்மாவுக்குப் போன் செய்திருக்கிறார். இங்கிலீஷ் தெரியாத ஆளை அலுவலகத்தில் வைத்துக்கொள்ள முடியாது என்று எழுத்தர் வந்து என்னிடம் சொன்னார். மேசை மேல் இருந்த என் டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தேன். கேட் பக்கத்தில் தேவராஜ் சார் நின்றிருந்தார். தன் குடையைக் கொடுத்தார். நல்ல வெயில்.

சத்தியத்தை இன்று மீறினேன். அப்பாவுக்குப் போன் செய்தேன். தறி ஓடும் சத்தத்தில் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாவது தடவை கத்தியே சொன்னேன். தறி நின்றது.

“எத்தனை நாளா?”

“ஆரம்பத்துல இருந்தேப்பா.”

 “உங்கம்மாவுக்குத் தெரியுமா?” என்றார். நான் பேசவில்லை. “சரி. கூட்டிட்டு வந்துரு சாமி,” என்றார்.

அக்காவிடம் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். “எனக்காக எதுக்குடி எல்லார் முன்னாடியும் மக்கு ஆன?” என்றாள். கேட்டுவிட்டு அழுதாள். இந்த இரண்டு வருடத்தில் அவள் சத்தம் போட்டு அழுது நான் கேட்டதில்லை.

மார்ச் 9, திங்கள்

ஆபரேஷன் முடிந்தது. நல்லபடியாக முடிந்ததாம். மாமா மயக்கம் தெளியாமல் உள்ளே இருந்தார்.

நர்ஸ் ஒருவர் வெளியே வந்தார், தமிழ்ப் பெண். கையில் மறுபடியும் ஒரு பூட்ஸ். “கூட இருந்து பார்த்துக்கப் போறது யாரு? அவங்ககிட்ட எல்லாம் சொல்லணும்,” என்றார்.

பாவாயி அத்தை அக்காவைக் கை காட்டினார். “இவதான். பொண்டாட்டி.”

அக்கா பெஞ்சிலிருந்து எழுந்தாள். பக்கத்தில் இருந்த பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“இல்லீங்க சிஸ்டர். எங்க அத்தைகிட்டச் சொல்லுங்க. தமிழ்லயே நிதானமாச் சொல்லுங்க. நான் ஊருக்குப் போறேன்.”

“எந்த ஊருக்கு? ஏய் பிரபா, எங்கடி போற? அவன் கண்ணு முழிச்சாக் கேப்பானே!”

அக்கா நடந்துகொண்டே இருந்தாள். படிக்கட்டுப் பக்கம் திரும்பும்போதுகூட வேகமாக நடக்கவில்லை.

நானும் என் பையை எடுத்தேன். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். முதல் முறையாக என்னை, “கண்ணு,” என்றார். “கண்ணு, நீயாவது இரு. அந்த டாக்டரு வந்து இங்கிலீசுல ஏதாச்சும் சொன்னா எனக்கு என்ன தெரியும்?”

கையை மெதுவாக விடுவித்துக்கொண்டேன்.

“எனக்கும் தெரியாதுங்க அத்தை,” என்றேன்.